கிளினிக் அட்டை நுழையாத சிறைக் கதவு

இலங்கையில் ஒரு பெண் கர்ப்பமானால் அரசாங்கம் அவளுடைய வீடு தேடி வரும். இந்த நாட்டில் அரசாங்கம் வீடு தேடி வருவதென்றால் எங்களில் பலருக்கு நெஞ்சு திடுக்கிடும். ஆனால் இந்த வருகை அப்படியானதல்ல. வெள்ளைச் சீருடையில் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வருகிற குடும்ப நல உத்தியோகத்தர் வாசலில் நின்று பெயரைக் கேட்பார், கடைசி மாதவிடாய்த் திகதியைக் கேட்பார், கிளினிக் அட்டையை நிரப்பிக் கையில் தருவார். அன்று முதல் அந்தப் பெண்ணும் அவள் வயிற்றில் இருக்கும் குழந்தையும் அவருடைய கணக்கில் இருக்கிறார்கள். கிளினிக்குக்குப் போகாவிட்டால் மறுநாள் வந்து ஏன் வரவில்லை என்று கேட்பார்.

1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. 1940களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில் இன்று அந்த எண்ணிக்கை 30ஐ அண்மித்து நிற்கிறது. தெற்காசியாவில் இது பெரிய சாதனை. போர் நடந்த காலத்திலும் வடக்கு கிழக்கின் மருத்துவிச்சிமார் கிளினிக் நடத்துவதை முற்றாகக் கைவிடவில்லை என்பதை எங்கள் தாய்மார் அறிவார்கள்.

இந்தச் சங்கிலி நாட்டில் அநேகமாக எல்லா வீடுகளையும் தொடுகிறது. அது அறுந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. அது சிறைச்சாலை வாசல். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி நீதிமன்றத்திலிருந்து சிறைச்சாலை பஸ்ஸில் ஏற்றப்படும்போது அவளுடைய கிளினிக் அட்டை பெரும்பாலும் வீட்டு அலுமாரியிலேயே கிடக்கிறது. ஊர் மருத்துவிச்சிக்கு அவள் எங்கே போனாள் என்பது அயலவர் சொல்லித்தான் தெரியவரும். சிறையில் இருக்கும் வைத்தியருக்கு அவளுடைய இரத்த வகையும் தெரியாது, முந்திய பிரசவத்தில் என்ன நடந்தது என்பதும் தெரியாது.

கடந்த சில மாதங்களாக வடக்கில் விளக்கமறியலில் இருந்து வெளியே வந்த பெண்கள், சட்டத்தரணிகள், குடும்ப நல உத்தியோகத்தர்கள் ஆகியோருடன் இதைப் பற்றிப் பேசி வருகிறேன். பேசியவர்களின் பாதுகாப்புக் கருதி பெயர்களையும் இடங்களையும் தவிர்த்திருக்கிறேன். பேசப் பேச எனக்கு ஒரு விடயம் தெளிவானது. கர்ப்பிணிக் கைதிகளின் பிரச்சினையை மருந்துப் பற்றாக்குறையாகவோ வைத்தியர் பற்றாக்குறையாகவோ மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். அந்தப் பெண் முதலில் சிறைக்குப் போக வேண்டியிருந்ததா என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

இலங்கையின் சிறைச்சாலைகள் ஏறத்தாழ 12,000 பேருக்கென அமைந்தவை. அண்மைய ஆண்டுகளில் அவற்றில் 25,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர். வழக்கு முடியாத விளக்கமறியல் கைதிகள். மொத்தக் கைதிகளில் பெண்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருப்பார்கள். அவர்களிலும் கர்ப்பிணிகள் மிகச் சிலர்.

எண்ணிக்கை குறைவாக இருப்பதே அவர்களுடைய முதல் துரதிர்ஷ்டம். வெலிக்கடையில் பெண்களுக்கென ஒரு பெரிய பிரிவு இருக்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா போன்ற இடங்களில் பெண்கள் பிரிவு என்பது ஆண்களின் சிறைச்சாலைக்குள் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்ட பகுதி. உணவு, வாகனம், வைத்தியர் வரும் நேரம், காவலர் எண்ணிக்கை எல்லாமே ஆண்களை மனதில் வைத்துத் திட்டமிடப்பட்டவை. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே நான்கைந்து பெண்கள், அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி என்றால், அந்த ஒருத்திக்காக ஒரு முறைமை உருவாவதில்லை. கடமையில் இருக்கும் பெண் உத்தியோகத்தரின் நல்ல மனதை நம்பித்தான் அவளுடைய நாள் நகர்கிறது.

இவர்கள் செய்ததாகச் சொல்லப்படும் குற்றங்களையும் பார்க்க வேண்டும். நான் பேசிய சட்டத்தரணிகள் திரும்பத் திரும்பச் சொன்னவை மூன்று: கசிப்பு, போதைப்பொருள், கட்ட முடியாத தண்டப்பணம். வன்னியில் கணவனை இழந்தோ பிரிந்தோ வாழும் பெண்கள் கசிப்பு விற்றுப் பிடிபடுவதும், தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே போவதும் புதிய கதையல்ல. போதைப்பொருள் வழக்குகளில் கணவனையோ சகோதரனையோ தேடி வந்த பொலிஸார் வீட்டில் இருந்த பெண்ணையும் சேர்த்து ஏற்றிச் செல்வது நடக்கிறது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியபின் சில வாரங்களுக்குள் பல்லாயிரக்கணக்கானோர் கைதுசெய்யப்பட்டார்கள். ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகமே அதைப் பற்றிக் கவலை தெரிவித்தது. அந்த நெரிசல் முழுவதும் போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே நிரம்பி வழிந்த சிறைகளுக்குள்தான்.

உடம்பின் நேரமும் சிறையின் நேரமும்

கர்ப்பத்துக்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. எட்டு வாரத்துக்கு முன் பதிவு. பிறகு மாதம் ஒருமுறை, ஏழு மாதம் கடந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை என்று பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் இரத்த அழுத்தம், நிறை, சிறுநீர், வயிற்றின் வளர்ச்சி. இரும்புச் சத்து, ஃபோலிக் அசிட், ஏற்பு ஊசி, திரிபோஷா. இவற்றில் எதுவும் பெரிய செலவு இல்லை. குறித்த நாளில் நடப்பதுதான் இவற்றின் பலம்.

சிறைக்கு வேறொரு கால அட்டவணை. பின்னேரம் அடைத்தால் மறுநாள் காலைதான் கதவு திறக்கும். இரவில் வைத்தியர் இருப்பது அரிது. வெளி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வாகனம் வேண்டும், கூடப்போகப் பெண் உத்தியோகத்தர் வேண்டும், அன்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கைதிகள் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவராத நாளில் கிளினிக் தவறிப்போகும். வெளியே இருக்கும் பெண் ஒரு கிளினிக்கைத் தவறவிட்டால் மருத்துவிச்சி வாசலுக்கு வருவார். உள்ளே இருப்பவளின் வாசலுக்கு யார் வருவது?

இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2018 இல் 20 சிறைச்சாலைகளில் நடத்திய ஆய்வு 2020 இல் வெளியானது. அப்போதைய ஆணையாளர் அம்பிகா சற்குணநாதன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு, நாடளாவிய ரீதியில் சிறைகளுக்குள் சென்று கைதிகளிடமே கேட்டு எழுதப்பட்ட முதலாவது பெரிய ஆவணம். நெரிசல், வைத்தியர் பற்றாக்குறை, வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதில் தாமதம், வாகனமும் காவலரும் இல்லாமை ஆகியவற்றை அது விரிவாகப் பதிந்திருக்கிறது. இவை எல்லாக் கைதிகளையும் வதைப்பவை. ஆனால் காய்ச்சல்காரருக்கு ஒரு நாள் தாமதம் என்பதும் எட்டு மாதக் கர்ப்பிணிக்கு ஒரு நாள் தாமதம் என்பதும் ஒன்றல்ல.

நான் பேசிய பெண்களில் ஒருத்திக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கணவனின் வழக்கொன்றில் அவளும் சேர்க்கப்பட்டிருந்தாள். அவள் சொன்னதை அவளுடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்:

“எனக்கு அப்ப ஏழாம் மாசம் அக்கா. சீமெந்து நிலத்திலதான் படுக்கை. ஒரு பக்கம் சரிஞ்சு படுக்கச் சொல்லி மிட்வைஃப் மிஸ் முந்தியே சொல்லியிருந்தவ. ஆனா திரும்பிப் படுக்க இடமில்லை. ஒரு இரவு காலும் முகமும் வீங்கிப் போச்சு. தலை வெடிக்கிற மாதிரி இடி. கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருந்தது. ஜெயிலர் மிஸ்ஸுக்குத் தமிழ் விளங்காது. தலையைப் பிடிச்சுக் காட்டினன். பனடோல் ரெண்டு தந்தவ. அவ பாவம், அவவுக்கு வேற என்ன தெரியும்?”

வீக்கம், தலையிடி, கண் மங்கல். கர்ப்பிணித் தாய்மாருக்கு எந்தக் கிளினிக்கிலும் முதலில் சொல்லிக்கொடுக்கும் ஆபத்தான அறிகுறிகள் இவை. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். உடனே அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டிய நேரம் அது. அளப்பதற்கான கருவி ஒன்றும் அரிய பொருளல்ல. ஆனால் அந்த இரவில் அதைக் கையில் எடுக்க ஒருவரும் இல்லை. அவள் சொன்ன மொழி, கதவின் திறப்பைக் கையில் வைத்திருந்தவருக்கு விளங்கவில்லை.

அவளுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. சில நாட்களில் பிணை கிடைத்தது. நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். குறைமாதத்தில் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை இப்போது தவழ்கிறது. பிணை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தால் என்ற கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை. அவளே அதைத் தனக்குள் பலமுறை கேட்டிருப்பாள்.

மொழிப் பிரச்சினை என்று நாங்கள் பேசும்போது பெரும்பாலும் பெயர்ப்பலகைகளையும் சுற்றறிக்கைகளையும் பற்றிப் பேசுகிறோம். சிறைக்குள் அது உயிர்ப் பிரச்சினை. உத்தியோகத்தர்களில் மிகப் பெரும்பாலானோர் சிங்களம் மட்டும் பேசுபவர்கள். ஊரிலிருந்து அநுராதபுரத்துக்கோ வெலிக்கடைக்கோ மாற்றப்பட்ட தமிழ்ப் பெண், பிரசவ வலியா சூட்டு வலியா என்பதைக் கை அசைவால் விளக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இரு மொழியும் தெரிந்த கைதி ஒருத்தி இருந்தால் அவளே மொழிபெயர்ப்பாளர்.

பிரசவ அறையில் விலங்கு

சிறைக்குள் பிரசவம் பார்ப்பதில்லை, அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அது சரி. கொண்டுபோகும் விதத்தில்தான் பிரச்சினை.

ஐ.நா. பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகள் பெண் கைதிகளுக்கென எழுதப்பட்டவை. மொத்தம் 70 விதிகள். பிரசவ வலியின்போதும், பிரசவத்தின்போதும், பிரசவம் முடிந்த உடனேயும் எந்த விலங்கும் போடக்கூடாது என்கிறது 24ஆம் விதி. கர்ப்பிணியையும் பாலூட்டும் தாயையும் தனிமைச் சிறையில் அடைக்கக்கூடாது என்கிறது 22ஆம் விதி. போதிய உணவும் மருத்துவ ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது 48ஆம் விதி. 2015 இன் நெல்சன் மண்டேலா விதிகள் விலங்கு பற்றிய தடையை மீண்டும் வலியுறுத்துகின்றன. பிள்ளை சிறைக்குள் பிறக்க நேர்ந்தாலும் அதன் பிறப்புச் சான்றிதழில் அது எழுதப்படக்கூடாது என்றும் சொல்கின்றன.

இவை சர்வதேச நியமங்கள். இங்கே சட்டமாக இயற்றப்படவில்லை. எங்கள் சிறைகளை இன்னும் ஆள்வது 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம். விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டத்தின் கீழ் கடமை செய்யும் உத்தியோகத்தருக்கு, கைதி தப்பிவிட்டால் தன் வேலை போய்விடும் என்ற பயம்தான் பெரிய விதி. பிரசவ வார்டின் கட்டிலில் நோகிக்கொண்டிருக்கும் பெண் எங்கே தப்பி ஓடப் போகிறாள் என்று பொது அறிவு கேட்கலாம். பயம் அதைக் கேட்காது. எழுதப்பட்ட தெளிவான கட்டளை இருந்தால் கைதிக்கு மட்டுமல்ல, அந்த உத்தியோகத்தருக்கும் அது பாதுகாப்பு.

பிரசவம் முடிந்தால் பாதி ஆபத்துத்தான் முடிகிறது. பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கு தாய்மாரைக் கொல்லும் முக்கிய காரணங்களில் ஒன்று. ஊரில் என்றால் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தண்ணி காய்ச்சிக் கொடுக்க ஒரு தாயோ மாமியோ இருப்பார். குடும்ப நல உத்தியோகத்தர் முதல் பத்து நாட்களுக்குள் வீட்டுக்கு வந்து தையலையும் பார்ப்பார், பிள்ளையின் தொப்புளையும் பார்ப்பார், தாய் அழுகிறாளா என்றும் பார்ப்பார். சிறைக்குத் திரும்புகிறவளுக்கு இவற்றில் எது கிடைக்கும்? சுடுதண்ணீருக்கே அனுமதி கேட்க வேண்டும். அணையாடைக்கும் பிள்ளையின் துணிக்கும் வீட்டார் கொண்டுவருவதையோ நன்கொடையையோ எதிர்பார்க்க வேண்டும். வீட்டார் கிளிநொச்சியில் இருந்து, அவள் வெலிக்கடையில் இருந்தால், அந்தப் பயணத்துக்கான பஸ் காசு ஒரு கிழமைக் கூலி.

பிள்ளை ஐந்து வயது வரை தாயுடன் சிறையில் இருக்கலாம். அதைச் சலுகை என்று சொல்வதா, குற்றமே செய்யாத ஒரு பிறவிக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. தாயிடமிருந்து பிரித்து நன்னடத்தைத் திணைக்களத்தின் பராமரிப்பில் விடுவதும் இன்னொரு தண்டனைதான். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு தாயை நிறுத்துவதற்கு முன், மூன்றாவது வழி ஏதும் இல்லையா என்று பார்த்தோமா?

தூக்குக் கயிறு கண்டதைப் பிணைச் சட்டம் காணவில்லை

எங்கள் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றத்துக்குக் குற்றவாளியாகக் காணப்பட்ட பெண் கர்ப்பிணியாக இருந்தால் அவளுக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. பிறக்காத பிள்ளையைத் தாயின் குற்றத்துக்காகத் தண்டிக்கக்கூடாது என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆக, நடைமுறையில் இல்லாத தண்டனைக்கு முன்னால் மட்டும் சட்டம் கர்ப்பத்தைக் கண்கொண்டு பார்க்கிறது. அன்றாடம் நடக்கும் விளக்கமறியலுக்கு முன்னால் அதே நியாயம் கர்ப்பிணியின் உரிமையாக நிற்பதில்லை. பெரும்பாலும் அது நீதிமன்றத்தின் தற்றுணிபில் தங்கியிருக்கிறது.

1997 இன் பிணைச் சட்டம் பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் பாரிய வழக்குகளில் நீதவானால் பிணை வழங்க முடியாது. அதற்கு மேலான நீதிமன்றத்துக்குப் போய் ‘விதிவிலக்கான சூழ்நிலை’ இருப்பதைக் காட்ட வேண்டும். கர்ப்பம் விதிவிலக்கான சூழ்நிலையா? நல்ல சட்டத்தரணி இருந்தால் வாதாடலாம். ஆனால் கசிப்பு விற்ற பெண்ணுக்கும் கூலிக்காரன் மனைவிக்கும் அந்த நீதிமன்றம் வரை போகும் சட்டத்தரணி எங்கிருந்து வருவார்? விண்ணப்பம் போட்டு, ஆவணம் சேர்த்து, திகதி கிடைத்து, சட்டமா அதிபர் திணைக்களத்தின் பதில் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடும்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் கொடியது. 1979 இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. தடுப்புக் கட்டளையின் கீழ் 18 மாதம் வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது 2022 திருத்தத்தில் 12 மாதமானது. ஒரு கர்ப்பத்தின் முழுக் காலம் ஒன்பது மாதம். திருத்திய பின்னும், கருவுற்றது முதல் பிள்ளை மூன்று மாதக் குழந்தையாகும் வரை ஒரு பெண்ணை வழக்கின்றித் தடுத்து வைக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. போருக்குப் பின் புனர்வாழ்வு என்ற பெயரிலும் விசாரணை என்ற பெயரிலும் வைக்கப்பட்டிருந்த எங்கள் பெண்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

மற்ற நாடுகளில் இதே கேள்வி எப்படிக் கையாளப்பட்டது? 2020 ஏப்ரலில், கொரோனா முடக்க காலத்தில், டெல்லியில் சஃபூரா சர்கார் என்ற மாணவச் செயற்பாட்டாளர் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான ‘ஊபா’வின் கீழ் கைதானார். அப்போது அவர் கர்ப்பிணி. கர்ப்பம் என்பது பிணைக்குக் காரணமாகாது, டெல்லிச் சிறைகளில் பத்து ஆண்டுகளில் 39 பிரசவங்கள் நடந்திருக்கின்றன என்று பொலிஸ் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. அதாவது, இதுவரை 39 பேருக்கு நடந்தது நாற்பதாவது ஆளுக்கும் நடக்கலாம் என்பதே வாதம். கடைசியில் ஜூன் 23 அன்று, மனிதாபிமான அடிப்படையில் அரச தரப்பு எதிர்ப்பைக் கைவிட, டெல்லி உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது. எங்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நெருங்கிய உறவுக்காரச் சட்டத்தின் கீழும் அது சாத்தியமானது என்பதை எங்கள் சட்டத்தரணிகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரியில் இன்னும் ஒரு படி மேலே போனது. விளக்கமறியலில் இருக்கும் கர்ப்பிணிகளையும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாரையும், வன்முறைக் குற்றம் போன்ற சில விலக்குகளுடன், வீட்டுக் காவலுக்கு மாற்றுமாறு ஒரே தீர்ப்பில் உத்தரவிட்டது. ஒவ்வொருத்தியும் தனித்தனியாகச் சட்டத்தரணி பிடித்து வாதாட வேண்டிய தேவை அதனால் குறைந்தது.

வசதியான நாடுகளின் சிறையென்றால் பிரச்சினை இல்லை என்று நினைப்பதும் தவறு. 2019 செப்டம்பரில் இங்கிலாந்தின் புரொன்ஸ்ஃபீல்ட் பெண்கள் சிறையில், விளக்கமறியலில் இருந்த 18 வயதுப் பெண் ஒருத்தி இரவில் தன் அறைக்குள் தனியாகப் பிள்ளை பெற்றாள். உதவிக்கு மணியை அழுத்தியும் ஒருவரும் வரவில்லை. காலையில் பிள்ளை உயிருடன் இல்லை. பணமும் வைத்தியரும் உள்ள நாட்டிலும் பூட்டிய கதவு பூட்டிய கதவுதான். அதன் பின் எழுந்த விவாதங்களின் விளைவாக, 2024 ஏப்ரல் முதல் அங்கே தண்டனை விதிக்கும்போது கர்ப்பத்தையும் பிரசவத்துக்குப் பின்னான காலத்தையும் தண்டனையைக் குறைக்கும் காரணியாக நீதிமன்றங்கள் கருத வேண்டும் என்ற வழிகாட்டல் நடைமுறைக்கு வந்தது.

எங்கள் மௌனம்

இதுவரை அரசாங்கத்தைப் பற்றிச் சொன்னேன். இனி எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

சிறை என்றால் தமிழ்ச் சமூகத்துக்கு ஒரு நீண்ட நினைவு இருக்கிறது. அரசியல் கைதிகளுக்காக நாங்கள் வீதியில் இறங்கியிருக்கிறோம், உண்ணாவிரதம் இருந்திருக்கிறோம். அது சரியானதும் தேவையானதும். ஆனால் அதே சிறைக்குள் கசிப்பு வழக்கிலோ ஐஸ் வழக்கிலோ இருக்கும் தமிழ்ப் பெண்ணுக்காக ஒரு பதாகையும் எழுவதில்லை. அவள் இனத்துக்கு அவமானம். அவளைப் பற்றிப் பேசினால் எங்கள் பெயரும் கெடும் என்று நினைக்கிறோம். சில வீட்டார் பார்க்கவே போவதில்லை. விளக்கமறியல் கைதிக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்க அனுமதி இருந்தும், கொண்டுபோக ஆள் இல்லாமல் சிறைச் சோற்றை மட்டும் உண்டு பிள்ளை சுமந்த பெண்களை நான் சந்தித்தேன்.

“போதைப்பொருள் வித்தவளுக்கு என்ன சலுகை? எத்தனை பிள்ளையளின்ர வாழ்க்கையை அழிச்சவள்?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பாடசாலைகளின் வாசல் வரை அந்த நஞ்சு வந்திருக்கிறது. ஆனால் இரண்டு விடயங்களை யோசிக்க வேண்டும். ஒன்று, அவள் விற்றாள் என்று இன்னும் எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்பதை அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரையில் எங்கள் பிள்ளைகளுக்காக நாங்கள் எத்தனை தடவை சுட்டிக்காட்டியிருக்கிறோம்! மற்றது, பிணை என்பது விடுதலையல்ல. வழக்கு நடக்கும். குற்றம் நிரூபணமானால் தண்டனையும் வரும். கேட்பதெல்லாம், பிள்ளை பிறந்து அதன் உயிரும் தாயின் உயிரும் தேறும் வரை அவள் மருத்துவிச்சியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்பதுதான்.

2009 இல் பதுங்குகுழிக்குள் பிள்ளை பெற்றவர்கள் எங்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள். மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் கர்ப்பத்தைச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். வலி வந்தபின் வாசலில் அனுமதிக்காகக் காத்து நிற்பது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்த அனுபவம் உள்ள சமூகம், இன்றைக்கு அதே நிலையில் நிற்கும் பெண்ணிடம் முதலில் அவளுடைய வழக்கு இலக்கத்தைக் கேட்கக்கூடாது.

செய்யக்கூடியவை

இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. ஐ.எம்.எஃப். நிபந்தனைகளுக்குள் அடங்காத செலவும் இல்லை. கைதுசெய்யப்பட்ட பெண்ணை முதன்முதலில் நீதவான் முன் நிறுத்தும்போதே அவள் கர்ப்பிணியா, எத்தனையாம் மாதம் என்பது அறிக்கையில் எழுதப்பட வேண்டும். விளக்கமறியலில் வைப்பதானால் அதற்கு மாற்று ஏன் போதாது என்ற காரணம் பதியப்பட வேண்டும். தண்டப்பணம் கட்ட முடியாத கர்ப்பிணி எவளையும் சிறைக்கு அனுப்பக்கூடாது. 1999 இன் சமுதாய அடிப்படையிலான சீர்திருத்தச் சட்டம் அதற்கு வேறு வழியை ஏற்கெனவே தந்திருக்கிறது. சிறைக்குப் போகிறவளின் விபரம் அவளுடைய ஊர்ச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து சிறை அமைந்துள்ள பிரிவின் பணிமனைக்கு மாற்றப்பட வேண்டும். வாடகை வீடு மாறும் பெண்ணுக்கு இது இன்றும் நடக்கிற காரியம். பிரசவ அறையில் விலங்கு இல்லை என்று சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகம் ஒரு பக்கச் சுற்றறிக்கை எழுதினாலே போதும்.

அரசாங்கம் செய்யும் வரை குடும்பத்தவர்களும் சில காரியங்களைச் செய்யலாம். வீட்டில் ஒரு கர்ப்பிணி கைதானால் கிளினிக் அட்டையைத் தேடி எடுங்கள். அதன் பிரதியொன்றைச் சட்டத்தரணியிடமும், மற்றொன்றைச் சிறைச்சாலை வைத்தியரிடமும் சேருங்கள். முதல் நாளே நீதவானுக்குக் கர்ப்பத்தைச் சொல்லும்படி சட்டத்தரணியிடம் கேளுங்கள். பலர் கேட்டால்தான் சொல்கிறார்கள். சட்டத்தரணி வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் ஊர் மருத்துவிச்சிக்குச் சொல்லுங்கள். அவர் தன் மேலதிகாரிக்கு எழுதலாம். கிளினிக்குக் கொண்டுபோகவில்லை, விலங்கு போட்டார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு அலுவலகங்களில் முறையிடலாம். அவசரத்துக்கு 1996 என்ற இலக்கம் இருக்கிறது. சிறைகளுக்குள் நுழைந்து பார்க்கும் அதிகாரம் சட்டப்படி அந்த ஆணைக்குழுவுக்கு உண்டு.

இலங்கையில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் அந்த மரணம் விசாரிக்கப்படும். எங்கே தவறு நடந்தது என்று வைத்தியர்கள் கூடி ஆராய்வார்கள். இந்த நாட்டின் நல்ல பழக்கங்களில் அதுவும் ஒன்று. சிறையில் தவறிப்போன ஒரு கிளினிக்கை, இரண்டு பனடோலுடன் முடிந்த ஓர் இரவை யாரும் அப்படி ஆராய்வதில்லை. ஆராய்வதற்கு ஒரு மரணம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. அந்தக் கேள்வியை நீதியமைச்சிடமும் சுகாதார அமைச்சிடமும் கேட்கும் உரிமை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இருக்கிறது. கேட்கும்படி அவர்களைக் கேட்கும் உரிமை வாக்களித்த எங்களுக்கு இருக்கிறது.